ஆறு மணிக்கு மேல் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பை மூடி வைக்கலாமா?

மொட்டு டீச்சர்:
இந்த வருடம் முதல் மாலை ஆறு மணிக்கு மேல் பள்ளி குரூப், வட்டார குரூப் எதையும் நான் திறப்பதில்லை. எல்லா ஆசிரியர்களும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை என்னிடம். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகளும் ஒரே அறையில். எச்.எம். மீட்டிங் போய்விட்டால் நான்கும் ஐந்தும் என் பொறுப்பு. நடுவில் எமிஸ் என்ற கல்வித்துறை இணையதள வருகைப்பதிவுக்காக டவர் கிடைக்கும் வேப்பமரத்தடிக்கு ஓட வேண்டும். இதையெல்லாம் சமாளித்துவிடுவேன். இரவு ஒன்பது மணிக்கு வரும் ‘உடனே அனுப்பவும்’தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. மறுநாள் ஒரு பிள்ளை ‘ழ’வை மாற்றி எழுதினால் எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சல் எனக்குப் பழகிவிடுமோ என்றுதான் பயம்.

ஓய்வு எச்.எம்.:
டீச்சர், கஷ்டம் புரிகிறது. ஆனாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் மூடிவிட்டால் பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ் யாரைக் கேட்கும்? எச்.எம்.மைத்தான். பாடநூல் தேவைப்பட்டியல் கேட்ட ஒரு இரவில் வகுப்பாசிரியர் போனை எடுக்கவில்லை. நான் பள்ளிக்குப் போய், பீரோவைத் திறந்து, வருகைப் பதிவேட்டில் பெயர்களை எண்ணி அனுப்பினேன். நீங்கள் இறக்கி வைப்பது இன்னொருவர் தலையில்தான் ஏறும். மழை விடுமுறை அறிவிப்பும் இரவில் வரலாம், மறந்துவிடாதீர்கள்.

பிரிவு 27:
சார், கேள்வியை மேலே அனுப்புங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, ஆசிரியரின் குறைந்தபட்ச வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி என்கிறது, பாடத் தயாரிப்பையும் சேர்த்து. அதன் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிர வேறு கல்விசாரா வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. வாக்காளர் பட்டியல் வேலையைக்கூட விடுமுறை நாளிலும் பாடம் நடக்காத நாளிலும்தான் கொடுக்க வேண்டும் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மொட்டு டீச்சர்:
அந்தத் தீர்ப்பு பிள்ளைகளின் பாட நேரத்தைக் காப்பாற்றியது, சந்தோஷம். என் ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றவில்லை. பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வேலைக்குப் படிவத்தோடு வீடு வீடாகப் போவது விடுமுறையில்தானே? திங்கள்கிழமை காலை நான் எந்தத் தெம்போடு வகுப்புக்குள் போவது?

கணக்கு வாத்தியார்:
நீங்கள் மூவரும் அரசுப் பள்ளியை வைத்தே பேசுகிறீர்கள். நான் தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பெற்றோர் குரூப்பில் இரவு பத்தரைக்கு வரும் கேள்விக்குப் பதில் போடவில்லை என்றால் காலையில் கரஸ்பாண்டன்ட் அறைக்குப் போய் நிற்க வேண்டும். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்லிப் டெஸ்ட், வீட்டில் பேப்பர் கட்டு. கோடை விடுமுறை வந்தால் நோட்டீஸோடு தெருத்தெருவாக அட்மிஷன் கேன்வாஸ். ‘குரூப்பை மூடு’ என்ற யோசனை வேலை நிரந்தரமானவர்களுக்குச் சரி. எங்களுக்கு அது ராஜினாமாக் கடிதம்.

பிரிவு 27:
அந்த 45 மணி நேரக் கணக்கு தனியார் பள்ளிக்கும் பொருந்தும், சார்.

கணக்கு வாத்தியார்:
எட்டாம் வகுப்பு வரைதான் அந்தச் சட்டம். நான் எடுப்பது பத்து. அப்படியே பொருந்தினாலும் யார் போய்ப் புகார் கொடுப்பது?

ஓய்வு எச்.எம்.:
தம்பி சொல்வது உண்மை. அதனால்தான் நான் வேறு வழி சொல்கிறேன். மூச்சுப்பயிற்சி, நடை, நல்ல தூக்கம். நாற்பது பேர் வகுப்பையும் இன்ஸ்பெக்‌ஷனையும் அப்படித்தான் தாங்கினோம்.

மொட்டு டீச்சர்:
நானும் நடக்கிறேன் சார், நல்லதுதான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2019இல் ‘பர்ன்அவுட்’ எனும் இந்தப் பணிச் சோர்வை நோய் என்று சொல்லவில்லை, பணி சார்ந்த நிகழ்வு என்றுதான் வகைப்படுத்தியது. சக்தி வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, திறன் குறைவது என்று மூன்று அடையாளம் சொன்னார்கள். வேலையிடத்தில் பிறப்பதை நடைப்பயிற்சி மட்டும் எப்படித் தீர்க்கும்?

ஓய்வு எச்.எம்.:
சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். இரவில் அவசரம் என்றால் எச்.எம். போனில் கூப்பிடட்டும், மற்றதெல்லாம் காலையில். புள்ளிவிவரம் ஏற்கெனவே எமிஸில் இருந்தால் மறுபடி கேட்கக் கூடாது என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். நானும் வந்து பேசுகிறேன்.

கணக்கு வாத்தியார்:
உங்களுக்குச் சங்கம் இருக்கிறது. என் சக ஆசிரியை ஒருவர் தினமும் ஸ்கூல் வேனிலிருந்து இறங்கும் முன்பே கண் கலங்குகிறார். அவருக்கு என்ன சொல்வது?

மொட்டு டீச்சர்:
14416க்குக் கூப்பிடச் சொல்லுங்கள் சார். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். முதல் தடவை நீங்களோ வேறு டீச்சரோ கூட இருங்கள். அட்மிஷன் கேன்வாஸைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், நானும் எழுதுகிறேன்.