அப்பாவின் தபால் ஓட்டு: கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம், உதவி தேவை

கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். 2024 நவம்பர் 5 பொதுத் தேர்தலுக்கு அப்பா தபாலில் ஓட்டுப் போட்டார். பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை வருவதில்லை. உறையில் இடது கையால்தான் கையெழுத்திட்டார். பழைய பதிவோடு பொருந்தவில்லை என்று கவுன்ட்டி தேர்தல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது.

அதிபர் தேர்தலோடு மாநில அளவில் 10 ப்ராப்கள் (வாக்காளர்களே ஆம், இல்லை என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் சட்ட முன்மொழிவுகள்). வாடகைக் கட்டுப்பாடு பற்றிய ப்ராப் 33, குறைந்தபட்ச ஊதியத்தை 18 டாலராக்கும் ப்ராப் 32, திருட்டுக்குத் தண்டனையைக் கூட்டும் ப்ராப் 36 என்று ஒவ்வொன்றையும் நான் தமிழில் சொல்லச் சொல்ல, திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டு, யோசித்துத்தான் குறித்தார். அந்த ஓட்டு எண்ணப்படாமல் போகவே கூடாது.

இணையத்தில் பார்த்தேன், இன்னும் ஏற்கப்படவில்லை. போன் செய்தால், கடிதத்தோடு வந்த படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பச் சொல்கிறார்கள். அவரால் பழையபடி போட முடியாதே! பவர் ஆஃப் அட்டர்னி இருந்தாலும் அவருக்குப் பதிலாக நான் போட முடியாது. சரி, கையெழுத்திட முடியாதவர் சாட்சி முன்னால் ஒரு குறி போடலாம் என்று விதி இருக்கிறது, அதைத்தான் செய்யப்போகிறோம்.

இப்படிக் குறி போட்டு அனுப்பி ஓட்டு ஏற்கப்பட்டவர்கள் சொல்லுங்கள்: வீட்டில் உள்ளவரே சாட்சிக் கையெழுத்துப் போட்டது போதுமானதாக இருந்ததா?