கும்பகோணத்தில் கடல்மீன் தொட்டி: வேதாரண்யம் உப்பு ஆகுமா?

கேள்வி (கும்பகோணம்)
வணக்கம். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி செய்யச் சொல்லியிருக்கிறேன். இரண்டு கோமாளி மீன் போதும். போர் தண்ணீர், டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 900. குடிக்க ஆர்ஓ இருக்கிறது. தொட்டிக்கென்று விற்கும் உப்பு விலை அதிகம். வேதாரண்யம் கல்லுப்பைக் கரைக்கலாமா? இல்லை, நாகப்பட்டினத்திலிருந்து கடல்தண்ணீரே கொண்டுவரலாமா? எத்தனை நாளில் மீன் விடலாம்?

பதில் 1 (வேதாரண்யம்)
கல்லுப்பு ஆகவே ஆகாது தம்பி. உப்புப் பாத்தியில் கடல்தண்ணீர் காயும்போது கால்சியம் முதலிலேயே ஜிப்சமாகப் படிந்துவிடும். மக்னீசியம் கடைசியில் வடித்துவிடும் தண்ணீரோடு போய்விடும். கைக்கு வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். கடலில் லிட்டருக்குக் கால்சியம் 400 மில்லிகிராம், மக்னீசியம் 1,300 மில்லிகிராம் அளவில் உண்டு. பிஹெச் (காரத்தன்மையின் அளவு) 8.1க்கு மேல் நிற்பதற்கு பைகார்பனேட்டும் வேண்டும். அதனால் தொட்டி உப்பே வாங்குங்கள்.

உங்கள் தொட்டி கணக்குக்கு 190 லிட்டர், கல்லும் மணலும் போக 150. லிட்டருக்கு ஏறக்குறைய 38 கிராம், ஆக ஆறு கிலோவுக்குள் முடியும். தனி டிரம்மில் தண்ணீரைச் சுழலவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் வெள்ளையாகப் படிந்துவிடும், பிறகு கரையாது. மறுநாள் ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு காட்டும் கருவி) 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அதாவது ஒப்படர்த்தி 1.026 காட்ட வேண்டும்.

பதில் 2 (நாகப்பட்டினம்)
துறைமுகத்துப் பக்கம் தண்ணீர் எடுக்காதீர்கள், டீசல் கலந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுத்தண்ணீர் இறங்கிக் கரையோரம் உப்பு குறைந்து கலங்கிக் கிடக்கும். கோடையில் முகத்துவாரத்தை விட்டு விலகி எடுக்கலாம்தான். ஆனால் மாதாமாதம் தண்ணீர் மாற்ற கேனோடு அலைய முடியுமா? புதிதாகத் தொடங்குகிறவருக்கு உப்பே நல்லது.

இன்னொன்று. கரையில் ஒதுங்கும் பவளக்கல்லை எடுத்து வராதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் அது தடைசெய்யப்பட்டது, கடல்குதிரையும் அப்படியே. பீங்கான் கல்லும் அரகோனைட் (சுண்ணாம்பு வகை) மணலும் போதும். கோமாளி மீனைப் பண்ணையில் பொரித்ததாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபம் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்திலேயே அதைப் பொரித்துக் காட்டியிருக்கிறார்கள். பண்ணை மீன் குருணைத் தீனியைச் சீக்கிரம் பழகும்.

பதில் 3 (திருவாரூர்)
ஆர்ஓ பெட்டிக்குள் டிடிஎஸ் திருகு ஒன்று இருக்கும். அது வடிகட்டிய தண்ணீரோடு போர் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும். குடிக்கச் சரி, தொட்டிக்கு அதை முழுக்க மூடிவிட்டுப் பிடியுங்கள். அதன் பிறகும் 40, 50 காட்டினால் பின்னால் டிஐ ரெசின் (மிச்ச உப்பையும் பிடிக்கும் வடிகட்டி) மாட்டி 0க்குக் கொண்டுவாருங்கள். விட்டால் சிலிகாவால் மணல் முழுக்கப் பழுப்புப் பாசி படரும்.

மீனுக்கு அவசரம் வேண்டாம், நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். மீன் கழிவில் வரும் அமோனியா விஷம், அதை மாற்றும் பாக்டீரியா முதலில் தொட்டியில் வளர வேண்டும். கடையில் விற்கும் பாக்டீரியா திரவத்தை ஊற்றி, அமோனியாவை 2 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 2 பங்கு) ஏற்றுங்கள். முதலில் அமோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கி நைட்ரேட் தெரியும். 2 பிபிஎம் அமோனியா போட்டு 24 மணி நேரத்தில் அமோனியா, நைட்ரைட் இரண்டுமே 0 ஆனால்தான் மீன். நாள் எண்ணாதீர்கள், டெஸ்ட் கிட்டை நம்புங்கள்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. சித்திரை வெயிலில் தண்ணீரைக் குளிர்விக்கத் தொட்டிக்கு மேலே ஃபேன் வைத்தால் தண்ணீர் வற்றுமே, உப்புத்தண்ணீரை ஊற்றி நிரப்பணுமா?

பதில் 3 (திருவாரூர்)
கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயேதான் இருக்கும். 150 லிட்டரில் 6 லிட்டர் வற்றினால் 35 என்பது 36.5 ஆகும். உப்புத்தண்ணீர் ஊற்றினால் அந்த ஏற்றம் அப்படியே தங்கி, வாராவாரம் கூடும். கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்கு நேராக ஒரு துண்டு டேப் ஒட்டி, தினமும் காலையில் அந்தக் கோடு வரை ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். 28 டிகிரிக்கு மேல் போனால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். கரண்ட் போகும் நேரத்துக்கு வேவ்மேக்கரை (தண்ணீரை அலையடிக்க வைக்கும் மோட்டார்) மட்டுமாவது இன்வெர்ட்டரில் மாட்டிவையுங்கள்.