அமெரிக்க வீட்டோ வரைபடம்: இரண்டு இடங்களில் உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவில் ஒரு மசோதா சட்டமாகும் பாதையை ப்ளஸ் டூ மாணவர்களுக்காக ஒரே பக்கத்தில் வரைகிறோம்.

மசோதா அதிபர் கைக்குப் போனதும் ஞாயிறு நீங்கலாக 10 நாள் அவகாசம். கையெழுத்துப் போட்டால் சட்டம். அவை நடக்கும்போது சும்மா வைத்திருந்தாலும் சட்டம்தான். மறுத்தால் (இதுதான் வீட்டோ), காரணத்தோடு அது கிளம்பிய அவைக்கே திருப்ப வேண்டும். பிரதிநிதிகள் அவை, செனட் என்ற இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் மீண்டும் நிறைவேற்றினால் வீட்டோ செல்லாது. அதற்கு மொத்த உறுப்பினர்களை வைத்து முறையே 290, 67 வாக்குகள் கட்டாயம் என்று எழுதுவது தவறு. வந்திருப்பவர்களை வைத்துத்தான் கணக்கு என்று உச்ச நீதிமன்றம் 1919-லேயே சொல்லிவிட்டது. பிரதிநிதிகள் அவையில் குறைந்தபட்ச வருகையான 218 பேர் மட்டும் வாக்களித்தால் 146 போதும்.

சிக்கல் பாக்கெட் வீட்டோவில். 10 நாளுக்குள் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) கூட்டத்தை ஒத்திவைத்து, திருப்பி அனுப்ப வழியில்லாமல் போனால் மசோதா செத்துவிடும். ஆனால் செனட் மட்டும் 3 நாள் இடைவேளை விட்டு, அதன் செயலாளர் மசோதாவை வாங்கிக்கொண்டால் அது பாக்கெட் வீட்டோ ஆகாது என்பது 1938 தீர்ப்பு. இந்தக் கிளையை மாணவர் குழம்பாமல் எப்படி வரைவது?

இன்னொன்று: இந்தியக் குடியரசுத் தலைவருக்கு அரசியலமைப்பு நாள் கணக்கு வைக்கவில்லை, இங்கே கிடப்பில் போட்டாலே பாக்கெட் வீட்டோ. இரண்டையும் பிரித்துக் காட்டும் நல்ல தமிழ்ச் சொற்கள் இருந்தால் தாருங்கள்.