ஹெட்போன் மாட்டினால் குரல் அடங்கிவிடுகிறது, என்ன செய்யலாம்?

நிலைவாசல்:
கரோக்கி ட்ராக் போட்டு வீட்டிலேயே பாடிப் பதிகிறேன். சும்மா பாடினால் சரியாக வருகிறது. ஹெட்போன் மாட்டியதும் குரல் சுருங்கி, மேல்ஸ்தாயியில் சுருதி இறங்குகிறது. பதிவைக் கேட்டால் வேறு யாரோ பாடுவது போலிருக்கிறது.

சுருதிப்பெட்டி:
பாடும்போது நம் குரல் மண்டை எலும்பு வழியாகவும் காதுக்கு வருவதால் கனமாகக் கேட்கும். மைக்குக்கு அந்த வழி இல்லை. பதிவில் மெலிந்து கேட்பது குறையே அல்ல, தினமும் கேட்டால் பழகிவிடும்.
சுருதி இறங்கப் பெரும்பாலும் காரணம் ட்ராக் சத்தம். 6 டெசிபல் குறைத்து, ஒரு காதைத் திறந்து வையுங்கள். கழற்றிய பக்கத்தைத் தலையோடு ஒட்டி வைக்காவிட்டால் ட்ராக் மைக்கில் கசியும். அப்படியும் உச்சம் எட்டவில்லையா, ட்ராக்கை 2 அரைச்சுரம் இறக்குங்கள். ஒரிஜினல் கட்டையிலேயே பாடியாக வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம்.

மொட்டைமாடி:
தாமதத்தையும் பாருங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில் பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) 1024 சாம்பிள் என்றால், ஒலி உள்ளே வரும் ஒரு வழிக்கே 23 மில்லிசெகண்ட் தாமதம். உங்கள் குரலே பிந்தி வந்து தடுமாற வைக்கும். 128 வைத்தால் 3தான். ப்ளூடூத் வேண்டவே வேண்டாம்.
மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி. பாட்டிலேயே உரத்த வரியைப் பாடி, மீட்டரில் உச்ச அளவு -10 டெசிபலில் நிற்கும்படி கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) வையுங்கள். பல்லவியைச் சன்னமாகப் பாடிக் கெயினை வைத்தால், உரத்த சரணத்தில் ஒலி உடையும். அந்தப் பயத்திலேயே தொண்டை இறுகும்.

நிலைவாசல்:
ப்ளூடூத்தான்! இன்றே மாற்றுகிறேன். வரிவரியாகப் பதியலாமா?

சுருதிப்பெட்டி:
முதலில் முழுப் பாட்டையும் 3 தடவை, பிசகினாலும் நிறுத்தாமல் பாடுங்கள். மறுநாள் கேட்டு நல்ல வரிகளை ஒட்டுங்கள். வெட்டு, மூச்சு இழுப்பதற்குச் சற்று முன்னால் விழட்டும்.