மறு: ஷியர் தின்னிங்குக்குத் தமிழ்ச்சொல் – ‘கொய்விளகல்’ சரிவருமா?

சேர், வணக்கம். குழுவிலுள்ள எல்லோருக்கும். பாய்பொருளின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வேகமாகச் சறுக்கும்போது (இந்தச் சறுக்கல்தான் கொய்வு, shear) அதன் பிசுக்குமை, அதாவது ஓட்டத்தை எதிர்க்கும் தன்மை, குறைவதே ஷியர் தின்னிங் (shear thinning). அதற்குத் தமிழ்ச்சொல்லாக நீங்கள் எழுதியிருந்தது இது:

> ‘கொய்வு மெலிவு’ என்றே வைப்போம். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. பிள்ளைகளுக்குத் தயிரைக் காட்டி விளக்கிவிடலாம்.

அப்படிச் சொல்லுக்குச் சொல் பொருந்துவதுதான் எனக்கு இடிக்கிறது. தகடு மெலியும், ஆள் மெலிவார். உருகிய பிளாஸ்டிக் மெலிவதில்லை, அதன் பிசுக்குமைதான் குறைகிறது. போன தவணை இந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். வார்த்தெடுத்த வாளியின் சுவர் மெல்லியதாகும் என்று வகுப்பிற் பாதிப்பேர் எழுதித் தந்தார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

பிறகு அவர்களைக் கல்முனையில் வாளியும் மூடியும் வார்க்கும் சிறு பட்டறையொன்றுக்குக் கூட்டிப் போனேன். பொலித்தீன் மூடி ஒன்று ஓரம் நிரம்பாமல், பிறை மாதிரி வெட்டுப்பட்டு வந்து விழுந்தது. மெசினில் நின்ற நானா முதலில் சூட்டைப் பத்துப் பாகை கூட்டினார். பெரிய மாற்றமில்லை. இன்னும் கூட்டினார், மூடி மஞ்சள் பாய்ந்தது. சூட்டைப் பழையபடி இறக்கிவிட்டு, அச்சுக்குள் செலுத்தும் வேகத்தைக் கூட்டினார். அடுத்த மூடி விளிம்புவரை நிரம்பி வந்தது. “வேகமா அடிச்சாத்தான் டீச்சர் இளகி ஓடும். மெள்ள விட்டா நடுவழியில நிண்டிரும்” என்றார்.

எனக்கு வேண்டிய சொல் அவர் வாயில் இருந்தது: இளகு.

நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சிக்குப்பட்டுக் கிடக்கின்றன. வேகமாக ஓடும்போது, சிக்குத் தலையைச் சீப்பால் வாரியதுபோல ஓடும் திசைக்குப் படிகின்றன, பிசுக்குமை இறங்குகிறது. வேகத்தால் உண்டாகும் உராய்வுச் சூடும் கொஞ்சம் கைகொடுக்கும். பிசுக்குமை கொய்வு வீதத்தின் (அடுக்குகள் சறுக்கும் வேக வீதத்தின்) ஓர் அடுக்காக மாறும் என்னும் அடுக்கு விதிப்படி, அவ்விதியின் சுட்டி 0.4 ஆகவுள்ள ஓர் உருகலில் கொய்வு வீதம் பத்து மடங்கானால் பிசுக்குமை ஏறக்குறைய காற்பங்காகிவிடும். பொலித்தீனுக்கு வெப்பநிலை இந்தளவு உதவாது. பொலிஸ்டைரீன் என்றால் கதை வேறு, அது சூட்டுக்கு நன்றாக இளகும்.

“ஏற்கெனவே உருகியது மறுபடி எப்படி இளகும்?” என்று யாரேனும் கேட்கலாம். பாடநூலில் திண்மம் திரவமாவது உருகல். இளகுவது அதுவல்ல, பிடி தளர்வது. அடுப்பிலிருக்கும் பாகு இறுகிவிட்டால் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்குகிறோமே, அந்த இளக்கம்.

ஆனால் ‘கொய்விளக்கம்’ என்று வைக்க வேண்டாம். கண் உடனே ‘விளக்கம்’ என்று வாசித்துவிடுகிறது. நானே இரண்டு தரம் ஏமாந்தேன். கொய்விளகல் என்றால் அந்தத் தொல்லையில்லை. ‘கொய்விளகும் பாய்பொருள்’ என்று வினையாகவும் ஓடும். சோளமாவைக் கெட்டியாகக் கரைத்து வேகமாகக் கிண்டினால் விறைக்கிறதே, அது கொய்விறுகல்.

இந்த இளகல்–இறுகல் சோடியை நான் விடாமல் பிடிப்பதற்குப் பெரிய காரணம் அமுக்கம். அமுக்கம் கூடினால் நன்றாக ஓடும் என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஓட்டத்தைத் தள்ளுவது இரு முனைகளுக்கிடையிலான அமுக்க வித்தியாசம். அமுக்கமோ மூலக்கூறுகளை நெருக்கி, அவை அசைய இருந்த வெற்றிடத்தைக் குறைத்து, பிசுக்குமையைக் கூட்டுகிறது. அமுக்கத்தோடு பிசுக்குமை ஏறுவதை அமெரிக்கப் பௌதிகவியலாளர் கார்ல் பாரஸ் 1893இலேயே எழுதிவிட்டார். வார்ப்பு மெசினில் அமுக்கம் ஆயிரம் வளிமண்டலத்தையும் தொடும். அங்கே இது சின்ன விடயமில்லை. ஆகவே வெப்ப இளகல், அமுக்க இறுகல், கொய்விளகல் என்று மூன்றையும் ஒரே குடும்பமாக வைத்தால், எது எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிடும். ‘மெலிவு’ என்ற சொல்லில் இந்தக் கிளைகள் துளிர்க்காது.

உருகு பாய்ச்சற் சுட்டி (melt flow index) பற்றியும் கேட்டிருந்தீர்கள். பொலித்தீனை 190 பாகை செல்சியசில் வைத்து, 2.16 கிலோ பாரத்தால் 2.095 மில்லிமீற்றர் துளையூடாகத் தள்ளி, பத்து நிமிடத்தில் எத்தனை கிராம் வருகிறதென்று நிறுக்கிறார்கள். அங்கே கொய்வு வீதம் மிகக் குறைவு. அச்சுக்குள் அது எவ்வளவு இளகும் என்பதை அந்த ஒற்றை எண் சொல்லாது. பெயர் அப்படியே இருக்கட்டும்.

தயிர் உதாரணத்தில் மட்டும் எனக்கு மனம் ஒப்பவில்லை, சேர். எருமைத் தயிர்ச் சட்டியைச் சரித்தாலும் வழியாது, அகப்பை போட்டுக் கலக்கினால் ஊற்றலாம். அதுவரை சரி. கலக்கிய தயிர் பிறகு பழையபடி உறைவதில்லையே! பிளாஸ்டிக் உருகலில் வேகம் தணிந்ததும் பிசுக்குமை திரும்பி ஏறிவிடுகிறது. தேனைப் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்: தேன் சூட்டுக்கு இளகும், கிண்டலுக்கு இளகாது.

1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகளின் காரைதீவுதான் உங்களுக்கும் ஊர். அந்த உரிமையில்தான் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

தமிழ்நாட்டு உறுப்பினர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பாடநூலில் கொய்வுக்குச் சறுக்குப்பெயர்ச்சி என்று இருக்கிறது. அதை வைத்துச் ‘சறுக்கிளகல்’ என்றால் உங்கள் காதுக்கு ஒப்புமா? திங்கட்கிழமை செய்முறைத் தாளை அச்சுக்குக் கொடுக்கிறேன், அதற்கு முன் சொல்லுங்கள்.