பகிர்வா, பங்கீடா? மரபணு வளச் சட்டத்துக்கான சொற்கள் குறித்து

அன்புடையீர், வணக்கம்.

விதை, செடி, நுண்ணுயிர் போன்றவற்றை ஆய்வுக்கோ வணிகத்துக்கோ கொண்டுபோவதையும், அதனால் விளையும் நன்மையில் உரியவர்களுக்குச் சேர வேண்டியதைத் தருவதையும் குறிக்கும் ‘ஆக்சஸ் அண்ட் பெனிஃபிட் ஷேரிங்’ என்னும் தொடருக்கு ‘அணுகலும் பலன் பகிர்வும்’ என்பதையே உறுதி செய்துவிடலாம் என்று குழுவில் பெரும்பாலோர் கருதுவதை இந்த வார மடல்களில் கண்டேன். அந்த இரண்டு சொற்களிலும் எனக்கு உடன்பாடில்லை. அவற்றுக்கு மாற்றாகப் ‘பெறுகை’, ‘பயன் பங்கீடு’ என்னும் சொற்களை முன்வைக்கிறேன். கடலூர் மாவட்டத்து ஊராட்சிகள் சிலவற்றில், ஊரின் உயிரினங்களையும் அவை பற்றிய மக்களின் அறிவையும் எழுதிவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுப் படிவங்களைத் தமிழாக்கும் பணியில் இருப்பதால், இச்சொற்கள் எந்த மக்களின் கைக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர்களிடையே வைத்தே இவற்றை எடைபோட்டுப் பார்க்கிறேன்.

சொல்லுக்குப் பின்னால் இருக்கும் சட்டத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1992இல் ரியோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு 1993 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த பல்லுயிர் உடன்படிக்கைக்கு மூன்று நோக்கங்கள் உண்டு. பல்லுயிரைக் காப்பது முதலாவது. அதன் கூறுகளை நீடித்து நிலைக்கும் வகையில் பயன்படுத்துவது இரண்டாவது. மரபணு வளங்களைப் பயன்படுத்துவதால் விளையும் நன்மைகளை நியாயமாகவும் நடுநிலையாகவும் பிரித்துக்கொள்வது மூன்றாவது. இந்த மூன்றாவது நோக்கத்துக்கென்றே 2010 அக்டோபரில் நகோயா நெறிமுறை ஏற்கப்பட்டு, 2014 அக்டோபர் 12 முதல் செயலுக்கு வந்தது. இந்தியா அதற்கு முன்பே 2002இல் பல்லுயிர்ச் சட்டத்தை இயற்றிச் சென்னையில் தேசிய பல்லுயிர் ஆணையத்தையும், மாநிலங்களில் வாரியங்களையும், உள்ளாட்சிகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களையும் அமைத்தது. ஒன்றியப் பகுதிகளுக்கு அச்சட்டம் தனி வாரியம் வைக்காமல், அவற்றுக்கான பொறுப்பைத் தேசிய ஆணையத்திடமே விட்டது. இங்கே புதுச்சேரி ஊரும் கடலூர் மாவட்டத்து ஊரும் பாகூர்ப் பக்கம் வயல் வரப்பால்தான் பிரிந்து கிடக்கின்றன. வரப்புக்கு இப்பக்கம் ஒரு சொல், அப்பக்கம் ஒரு சொல் என்று அரசாணைகள் வரத் தொடங்குமுன் நாம் ஒரு முடிவுக்கு வருவது நல்லது.

முதலில் ‘அணுகல்’. கணினித் துறையில் இச்சொல் நன்றாக நிலைத்துவிட்டது. அங்கே அதை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அணுகுதல் என்பது அருகே போவது மட்டுமே. அருகே போனவர் ஒன்றைக் கொண்டுவந்தாரா, யாரைக் கேட்டுக் கொண்டுவந்தார் என்பவற்றை அச்சொல் சொல்லாது. சட்டம் கவலைப்படுவதோ அவற்றைப் பற்றித்தான். ஒருவர் விதையையோ தண்டையோ மண்ணிலுள்ள நுண்ணுயிரையோ ஆய்வுக்காகக் கொண்டுபோகிறார். அதற்கு முன்பே, எதற்காகக் கொண்டுபோகிறார் என்பது தெரிவிக்கப்பட்டு, உரியவர்களின் இசைவு வாங்கப்பட்டிருக்க வேண்டும். இருதரப்பும் ஒத்துக்கொண்ட நிபந்தனைகள் எழுத்தில் இருக்க வேண்டும். ஆங்கில மூலச் சொல்லுக்கு உடன்படிக்கையிலும் நெறிமுறையிலும் வரையறை தரப்படவில்லை என்பதால், அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டிய கட்டாயமும் நமக்கில்லை.

‘எடுப்பு’ என்று ஓர் அன்பர் முன்மொழிந்திருந்தார். எடுப்பதற்கு எடுப்பவர் ஒருவரே போதும். ‘பெறுதல்’ அப்படியன்று, பெறுபவர் என்றால் தருபவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். தருபவரைச் சொல்லுக்குள்ளேயே வைத்திருப்பதுதான் ‘பெறுகை’யின் வலிமை. ‘இசைவின்றிப் பெறுகை’ என்று படிப்பவருக்கு அங்கே ஏதோ தவறு நடந்திருக்கிறது என்பது உடனே உறைக்கும். ‘இசைவின்றி அணுகல்’ என்றால் அந்த உறைப்பு வருவதில்லை.

அடுத்தது பகிர்வு, என் மடலின் முக்கியமான பகுதி இதுதான். பகிர்வதற்குத் தன்னிடம் இருப்பதில் ஒரு பகுதியைப் பிறருக்குக் கொடுப்பது என்ற பொருளே இன்று முன்னிற்கிறது. கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம் என்பதெல்லாம் கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தவை. பங்கீட்டில் அந்த இடம் கிடையாது. காவிரி நீர்ப் பங்கீடு என்கிறோம்; காவிரி நீர்ப் பகிர்வு என்று எழுதினால் வீராணம் பாசனத்து உழவர் எவரும் ஏற்கமாட்டார், ஏனெனில் வர வேண்டிய நீர் அவருக்கு உரிமை. கடலூர்த் தேவனாம்பட்டினத்தில் மீன் விற்ற பணத்தில் செலவைக் கழித்தபின் படகுக்கு இத்தனை, வலைக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனை என்று பிரிப்பதற்கும் பங்கு என்றே பெயர். பங்கு குறைந்தால் கேட்கலாம், சண்டைகூடப் போடலாம். பகிர்ந்ததில் குறைந்தால் என்னவென்று கேட்பது?

பிச்சாவரம் அருகே ஓர் ஊராட்சியில் பதிவேட்டுக் கூட்டம் நடந்தபோது, இருளர் குடியிருப்பைச் சேர்ந்த மூத்த பெண்மணி ஒருவர், படிவத்தில் இருந்த ‘பலன் பகிர்வு’ என்ற வரியை வாசிக்கக் கேட்டுவிட்டு, “எங்களுக்கு வர்றது பங்கா, உதவியா?” என்று கேட்டார். கழிமுகத்துச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பவர். எந்த வாய்க்காலில் எந்த மரம் நிற்கிறது, எதன் பட்டை எதற்கு ஆகும் என்பதையெல்லாம் நாங்கள் அவரிடம் கேட்டுத்தான் எழுதிக்கொண்டிருந்தோம். பங்குதான் என்று அதிகாரி விடையளித்தார். அப்படியானால் படிவத்திலும் அந்தச் சொல்லே இருக்க வேண்டும்.

பகிர்வு, பங்கீடு இரண்டும் வேறு வேறு நிகழ்வுகள் என்பதற்கு நம் மலைகளிலேயே சான்று இருக்கிறது. 1987இல் அகத்தியர் மலைப் பகுதியில் திருவனந்தபுரத்துத் தாவரவியல் தோட்ட நிறுவனத்து ஆய்வாளர்கள் சென்றபோது, வழிகாட்டியாக வந்த காணி என்னும் பழங்குடி மக்கள் களைப்புத் தெரியாமல் இருக்க ஒரு செடியின் காயைத் தின்றதைக் கண்டார்கள். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவாயிற்று. 1995இல் கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணத்துக்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுக்கும் உரிமம் அளிக்கப்பட்டது. வந்ததில் பாதியைக் காணி மக்களுக்குக் கொடுப்பதென ஆய்வு நிறுவனம் முடிவு செய்தது. உலகெங்கும் பாராட்டப்பட்ட செயல் அது; பாராட்டுக்கு உரியதும்கூட. ஆனால் அன்று நம் நாட்டில் அதைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. உரிம ஒப்பந்தத்தில் காணி மக்கள் ஒரு தரப்பாகவும் இல்லை. அதைப் பகிர்வு என்று சொல்லலாம்.

2002ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் நிலைமை வேறு. அதன்கீழ் வந்த 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், வணிகப் பயன்பாட்டுக்கு ஆண்டு விற்பனை ஒரு கோடி ரூபாய் வரை 0.1 விழுக்காடு, மூன்று கோடி வரை 0.2, அதற்கு மேல் 0.5 என்று அளவே குறித்தன. இந்திய நிறுவனங்களுக்கு இக்கடமை இல்லை என்று ஆயுர்வேத மருந்து நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கை உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. வாரியம் கேட்கலாம், கொடுக்க மறுத்தால் நீதிமன்றம் தலையிடும் என்ற நிலையில் உள்ள ஒன்றைப் பகிர்வு என்று எழுதுவது, சட்டம் கொடுத்ததைச் சொல் திரும்பப் பிடுங்கிக்கொள்வதாகும். 2023ஆம் ஆண்டுத் திருத்தம் மரபு மருத்துவர்களுக்கும் ஏட்டில் உள்ள மரபறிவுக்கும் விலக்குகள் தந்து இந்த உரிமையின் எல்லையைச் சுருக்கியிருக்கும் வேளையில், மிஞ்சியிருப்பதையாவது உரிமை என்று தெளிவாகச் சொல்லும் சொல் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நன்மைகளை நடுநிலையாகப் பிரிப்பதைக் குறிக்கும் ‘ஈக்விட்டபிள்’ என்பதற்கு ‘ஒப்புரவான’ என்ற பரிந்துரை அழகானது; இதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. எனினும் ஒப்புரவு என்றதும் நம் நினைவுக்கு வருவது குறளின் ஒப்புரவறிதல் அதிகாரம். அதன் முதற்குறளே கைம்மாறு எதிர்பாராத கொடையைத்தான் பேசுகிறது. இங்கே பேசப்படுவதோ கைம்மாறேதான்: காத்தவருக்கும் அறிவைத் தந்தவருக்கும் உரிய கைம்மாறு. ஆகவே ‘நியாயமும் நடுநிலையும் வாய்ந்த பயன் பங்கீடு’ என்றே கொள்ளலாம். பலன், பயன் இரண்டில் எதுவாயினும் எனக்குச் சம்மதம்.

‘ஜெனெட்டிக் ரிசோர்ஸ்’ என்பதற்கான ‘மரபணு வளம்’ குறித்து நீண்ட விவாதம் தேவையில்லை என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்து அன்பர் சுட்டிய ‘பிறப்புரிமை வளம்’ அங்கே பாடநூல் வழக்கோடு ஒட்டியது. தமிழ்நாட்டிலோ அது சொத்துரிமைச் செய்தியாகக் காதில் விழும். ‘மரபு வளம்’ என்றால் பழம்பெரும் கோயில்களையும் கலைகளையும் நினைப்பார்கள். மரபணு வளத்திலும் ஒரு குறை உண்டு: ஆய்வகத்தில் பிரித்தெடுத்த மரபணு மட்டும்தான் வளம் என்ற மயக்கம். பிச்சாவரத்தில் நிற்கும் அவிசென்னியா மரினா என்னும் அலையாத்தி மரத்தை எண்ணிப் பாருங்கள். அவ்வினத்தின் உப்பைத் தாங்கும் மரபணுக்களைப் பிரித்து நெல்லில் செலுத்தும் ஆய்வை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் செய்திருக்கிறது. உடன்படிக்கையின்படி, மரபுக்கூறுகளைக் கொண்டு மதிப்புள்ளதாக இருக்கும் அந்த மரத்தின் இலையும் விதையும்கூட வளமே. வரையறையில் இதைத் தெளிவாக எழுதிவிட்டால் போதும். பழகிய சொல்லை மாற்ற வேண்டாம். நம் நாட்டுச் சட்டம் பயன்படுத்தும் ‘உயிரி வளம்’ இதைவிட விரிந்தது என்பதால், இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதாமல் இருப்பது மட்டும் முக்கியம்.

என் முன்மொழிவுக்கு எதிராக எழக்கூடிய வலுவான கேள்வி ஒன்றை நானே எழுப்புகிறேன். இன்று ஒரு நுண்ணுயிரின் மரபு வரிசையை, அதாவது அதன் டி.என்.ஏ.வின் கூறுகள் அமைந்திருக்கும் வரிசையை, இணையத் தரவுத்தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். பரங்கிப்பேட்டைக் கழிமுகத்துக்கு வந்து மண் அள்ள வேண்டியதில்லை. அங்கே தருபவர் யார், பெறுகை எங்கே? உண்மைதான், அந்த இடத்துக்குத் ‘தரவு அணுகல்’ என்பதே பொருந்தும். உலக நாடுகளும் இந்த வேறுபாட்டை உணர்ந்தே, ஒவ்வொரு வரிசைக்கும் இசைவு கேட்கும் முறையை விட்டுவிட்டு, பயன்படுத்தும் நிறுவனங்கள் பொது நிதியொன்றில் பணம் செலுத்தும் வழியை நாடின. 2022இல் மொன்ட்ரியலில் கொள்கையளவில் முடிவான அந்த ஏற்பாடு, 2025 பிப்ரவரியில், கொலம்பிய நகரான காலியின் பெயரைத் தாங்கிய ‘காலி நிதியம்’ என்று தொடங்கப்பட்டது. அதில் செலுத்துவது இப்போதைக்கு நிறுவனங்களின் விருப்பத்தையே பெரிதும் சார்ந்திருக்கிறது. ஆகவே ‘பெறுகை’ பொருந்தாத இடத்தில் ‘பங்கீடு’ம் இன்னும் முழுமையாகப் பொருந்தவில்லை. அந்த இடைவெளி சட்டத்தில் உள்ளது. அதைச் சொல்லால் மூடி மறைக்கக் கூடாது.

அந்த வரிசைத் தகவலுக்கு ‘எண்ணிம மரபுவரிசைத் தகவல்’ என்பதைத் தற்காலிகமாக வைத்திருக்கிறேன். உயிர்த்தகவலியல் துறையில் இருப்பவர்கள் திருத்தம் சொன்னால் அடுத்த படிவத்தில் சேர்த்துக்கொள்வேன். ‘பெறுகை’, ‘பயன் பங்கீடு’ இரண்டுக்கும் மறுப்பு இருப்பின் காரணத்தோடு எழுதுமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்,
கடலூரிலிருந்து