லூவிய மொழியில் தாய்க்கு ‘அன்னி’யாமே, நம்ம ‘அன்னை’தானா?

கேள்வி – வேர்தேடி
இன்றைய துருக்கி இருக்கும் இடத்தில் மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் பேசிய லூவிய மொழியில் அம்மாவுக்கு ‘அன்னி’, அப்பாவுக்கு ‘தாதி’ என்று ஒரு சொற்பட்டியலில் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. அன்னைக்கும் அன்னிக்கும் ஓர் எழுத்துதானே வித்தியாசம்? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நாளைக்கே ‘தமிழன் துருக்கியை ஆண்டான்’ என்று எனக்கே திரும்பி வரும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் – களிமண்பலகை
போட்டுவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

அந்த இகரத்தைப் பாருங்கள். ஆப்பெழுத்துப் பலகைகளில் (ஈரக் களிமண்ணில் ஆப்பு வடிவில் குத்தி எழுதியவை) எழுவாய் ‘அன்னிஸ்’ என்று வரும். கடைசி ஸ் வேற்றுமை உருபு. அதற்கு முந்திய இகரமும் வேரில் சேராது. லூவியத்தில் அஃறிணைப்பால் அல்லாத பெயர்களுக்கு எழுவாயிலும் இரண்டாம் வேற்றுமையிலும் ஓர் இகரம் வந்து ஒட்டிக்கொள்ளும், மற்ற வேற்றுமைகளில் காணாமல் போகும். கூடப்பிறந்த ஹிட்டைட் மொழிக்கு அந்தப் பழக்கம் இல்லை, அங்கே ‘அன்னஸ்’தான். ஆக ‘அன்னை’யோடு ஒப்பிட உங்கள் கையில் மிஞ்சுவது ‘அன்ன’ மட்டும்.

அது உலகத்துக் குழந்தைகள் வாயில் எல்லாம் வருகிற ஒலி. ஹங்கேரியனில் தாய் ‘அன்யா’, துருக்கியில் ‘அன்னெ’. இவையெல்லாம் ஒரே குடும்பத்து மொழிகள் இல்லை. ஜார்ஜிய மொழியில் இன்னும் வேடிக்கை: ‘மாமா’ என்றால் அப்பா, ‘தேதா’ என்றால் அம்மா. மொழிகளுக்குள் உறவு பிடிக்க அம்மா, அப்பா சொற்களைப் போல மோசமான சாட்சி கிடையாது.

பதில் – ஓலைநறுக்கு
ஆனால் லூவியம் இந்தோ-ஐரோப்பிய மொழி அல்லவா? சமஸ்கிருத ‘மாதா’, லத்தீன் ‘மாத்தெர்’ மாதிரி ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டுமே?

பதில் – களிமண்பலகை
கேட்டீர்களே, அதுதான் கேள்வி. அனத்தோலிய மொழிகளில், அதாவது லூவியம், ஹிட்டைட் சேர்ந்த அந்தக் கிளையில், அந்தச் சொல்லே தட்டுப்படுவதில்லை. தாயும் தந்தையும் மழலைச் சொல்லுக்கு மாறிவிட்டார்கள், மகள் மட்டும் மாறவில்லை! லூவியத்தில் மகள் ‘துவத்ரி’, அதே கிளையின் லிசிய மொழியில் ‘க்பத்ரா’. சமஸ்கிருத ‘துஹிதா’வின் அக்கா தங்கைகள். குடும்ப உறவு வேண்டுமென்றால் இங்கே தேட வேண்டும்.

தாய்ச் சொல்லை வாக்கியத்துக்குள் பார்க்க ஆசையென்றால் கராத்தெபேக்குப் போங்கள். தென் துருக்கியில் ஜெய்ஹான் ஆற்றங்கரைக் கோட்டை, 1946-இல் கண்டுபிடித்தார்கள். கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் அசத்திவதாஸ் என்ற ஆட்சியாளர் வாசல் கற்களில் லூவியச் சித்திர எழுத்திலும், லெபனான் கரையோரத்து மொழியான பினீசியத்திலும் ஒரே சேதியை வெட்டிவைத்தார். ‘தர்ஹுன்சா தெய்வம் என்னை அதனவாவுக்குத் தாயும் தந்தையும் ஆக்கினார்’ என்கிறது லூவியப் பக்கம் (அதனவா அவர் ஊர்). தாய் அங்கே ‘அனத்தி’ என்று நீண்டிருக்கிறாள். பினீசியப் பக்கத்தில் தெய்வம் பாகால், வரிசையும் திரும்பிவிடும்: ‘தந்தையும் தாயும்’. மீசை வைத்த ஆள் தன்னைத் தாய் என்று கல்லில் வெட்டிக்கொண்டது எனக்குப் பிடித்த இடம். (மீசை என் கற்பனை.) வரிசை மாறியதற்குப் பெரிய தத்துவம் தேட வேண்டாம் என்பேன். நமக்கு ‘அம்மையப்பன்’ வாயில் வருகிற மாதிரி அவரவர் மொழிப்பழக்கம்.

பதில் – வேர்தேடி
வாட்ஸ்அப் திட்டம் ரத்து. ஆனால் ‘துவத்ரி’யும் ‘க்பத்ரா’வும் ஒரே சொல் என்று எந்தக் காது ஒப்புக்கொள்ளும்?

பதில் – களிமண்பலகை
காதை விடுங்கள், இன்னொரு சொல்லை வைத்துப் பாருங்கள். ‘இரண்டு’ லூவியத்தில் ‘துவி’, லிசியத்தில் ‘க்பி’. பக்கத்திலேயே மிலிய மொழி ஒன்று உண்டு, அதில் ‘த்பி’. த்வ, த்ப, க்ப என்று படிப்படியாக நகர்ந்திருக்கிறது. இப்படி ஒரே மாற்றம் இரண்டு சொற்களில் அச்சுப்பிசகாமல் வந்தால்தான் உறவு என்று ஒப்புக்கொள்வார்கள். அன்னை–அன்னிக்கு அப்படி இன்னொரு ஜோடி கொண்டுவாருங்கள், பேசுவோம்.